17,500 ரூபாய் செலவு பண்ணியும் ஸ்டார்ட் ஆகாத கார்: பழைய வண்டி ஒயரிங்கில் காசு எங்கே போகுது?

நம்ம சேனல்ல கார் லோன், யூஸ்டு கார், இன்சூரன்ஸ் எல்லாம் பேசியிருக்கோம். இன்னைக்கு எழுதப் போறது கொஞ்சம் கையில கிரீஸ் ஒட்டுற விஷயம். வீடியோவாகவே போட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா இதுல அளவுகளும் கணக்கும் நிறைய இருக்கு, நிதானமா படிச்சாத்தான் மனசுல நிக்கும்.

அருப்புக்கோட்டையில் என் சித்தப்பா இருக்கார். அவரிடம் இருப்பது 2006 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 15 வருஷம் முடிந்து, ஆர்.சி-யை இன்னொரு 5 வருஷத்துக்குப் புதுப்பித்த வண்டி. சித்திக்கு வாரத்தில் ரெண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பணும். போகும்போது வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடிந்து, துவண்டு போயிருக்கிற சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். யாராவது வந்து தள்ளிவிடணும்.

ஆறு மாசத்தில் அவர் செய்த செலவு இது. புது பேட்டரி 4,600. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் மாத்தினது 3,200. ஆல்டர்னேட்டர் எக்ஸ்சேஞ்ச் 5,500. இக்னிஷன் சுவிட்ச் 1,800. ரெண்டு தடவை கட்டி இழுத்து வந்த கூலியும் லேபரும் 2,400. மொத்தம் 17,500 ரூபாய். வியாதி மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு போன் வந்தது. "தம்பி, இந்த வண்டியை இனிமே நம்ப முடியாதுப்பா. அந்த ரெண்டு லட்சம் எஃப்.டி-யை உடைச்சு டவுன் பேமெண்ட் கட்டி, புது வண்டி எடுத்துரலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"

அந்த எஃப்.டி சித்தியோட மருத்துவ அவசரத்துக்குன்னு வெச்சிருக்கிற பணம். அவங்க வீட்டில் அதைத் தவிர வேற எமர்ஜென்சி ஃபண்ட் கிடையாது. "சித்தப்பா, எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் டைம் குடுங்க, அதுக்கப்புறம் பேங்குக்குப் போங்க"ன்னு சொன்னேன். 700 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கிட்டுக் கிளம்பினேன். நான் மெக்கானிக் இல்லை. டிப்ளமோ படிச்சப்போ கத்துக்கிட்ட ஓம் விதி மட்டும் மறக்கலை.

ஓம் மோடு பொய் சொல்லும்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டுப் போறீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்.

ஒயர் நல்லா இருக்கான்னு பார்க்க நிறைய பேர் மீட்டரை ஓம் மோடில் வெச்சு ரெண்டு முனையிலும் தொடுவாங்க. "பீப்" சத்தம் வந்தா ஒயர் ஓகே. ஆனா 50 இழை இருக்கிற ஒயரில் 48 இழை அறுந்து ரெண்டே ரெண்டு மிச்சம் இருந்தாலும் மீட்டர் "பீப்"னுதான் சொல்லும். மீட்டர் அந்த ஒயர் வழியா அனுப்புற கரண்ட் அவ்வளவு கம்மி. கதவு ஒருச்சாய்ந்து கிடந்தாலும் ஒரு பூனை நுழைஞ்சுடும். பீரோவைத் தூக்கிட்டு வந்தாத்தான் வழி பத்தலைன்னு தெரியும்.

ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அந்த பீரோ. சின்ன காரிலேயே எஞ்சினைச் சுத்தும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 120 ஆம்பியரில் 1.2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் மோடு காட்டவே காட்டாது.

அதனால் செய்ய வேண்டியது வோல்டேஜ் டிராப் பரிசோதனை. அதாவது, ஒயர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் ரெண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டரை டிசி 20 வோல்டில் வையுங்க. பியூவல் பம்ப் ஃபியூஸை உருவிடுங்க, அப்போ எஞ்சின் சுத்தும், ஸ்டார்ட் ஆகாது. ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலேயே வையுங்க (மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் இல்லை, தண்டில்). இன்னொரு முள்ளை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்க. உள்ளே ஒருத்தர் அஞ்சு விநாடி சாவியைத் திருப்பணும். 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்டைத் தாண்டினால் எர்த் வழியில் கோளாறு. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ் தண்டிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரைக்கும் பார்க்கணும்.

சித்தப்பா காரில் பாசிட்டிவ் பக்கம் 0.3 வந்தது. பரவாயில்லை. எர்த் பக்கம் வைத்தபோது, எஞ்சின் ஆறியிருந்த காலை நேரத்திலேயே 1.1. மதுரை ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு வைத்தால் 1.9. பேட்டரியில் அப்போது 10.9 வோல்ட் இருக்கு. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வது 8.7 மட்டும். அந்தப் புது பேட்டரியும், புது கார்பனும், புது சுவிட்சும் பாவம், என்ன பண்ணும்?

எஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவையும் சேர்க்கிற கறுப்பு எர்த் கேபிளைக் கழற்றினோம். வெளியில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. லக் பக்கத்தில் இன்சுலேஷனை பிளேடால் கீறினதும் உள்ளே இருந்து பச்சைப் பொடி கொட்டியது. செம்பு அரித்துப்போய், விரல் விட்டு எண்ணக்கூடிய இழைகள்தான் மிச்சம்.

இதுக்கு நடுவுல சித்தப்பா ஒண்ணு சொன்னார்: "போன வருஷம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிப் போச்சுன்னு மாத்தினேன்டா, இப்போ மறுபடியும் இறுகுது." தொட்டுப் பார்த்தேன். ரெண்டு மூணு தடவை கிராங்க் பண்ணினதுக்கு அந்தக் கேபிள் உறை வெதுவெதுன்னு இருந்தது. எர்த் வழி அடைபட்டா கரண்ட் சும்மா நிக்காது. பேட்டரிக்குத் திரும்பிப் போக வேற இரும்பைத் தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கிட்டிருக்கிற ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியா ஓடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை இளகி, கேபிள் இறுகும். ஒரு வருஷமா இந்த வண்டி தன் வியாதியைச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.

25 ஸ்கொயர் எம்.எம் பேட்டரி கேபிள் ஒன்றரை அடி, ரெண்டு செம்பு லக், கிரிம்ப் கூலி, உப்புத்தாள், ஒரு சின்ன வாசலின் டப்பா. எல்லாம் சேர்த்து 450 ரூபாய். மாட்டின பிறகு அளந்தால் 0.1.

நாமதான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கோம்

இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைத் திட்டத் தோணும். எனக்கும் முதலில் தோணியது. யோசித்துப் பார்த்தால் தப்பு பாதி நம்ம மேலதான்.

ஒரு எலக்ட்ரீஷியன் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து அளந்து பார்த்து, "அண்ணாச்சி, 450 ரூபாய் கேபிள்தான் போயிருக்கு"ன்னு சொன்னா, நாம அவருக்கு எவ்வளவு கொடுப்போம்? கேபிளுக்கு 450, "சும்மா ஒரு கேபிள் மாத்தினதுக்கு" 200. அதே ஆள் பத்து நிமிஷத்துல ஆல்டர்னேட்டர் போயிடுச்சுன்னு சொல்லி மாத்தினா, 5,500 பில்லில் அவருக்கு மார்ஜினும் உண்டு, லேபரும் உண்டு. கண்டுபிடிக்கிறதுக்கு நாம காசு கொடுக்கிறதில்லை. மாட்டுறதுக்குத்தான் கொடுக்கிறோம். அப்போ அவங்களும் மாட்டத்தான் செய்வாங்க.

அதனால் இனிமே இப்படிப் பேசுங்க: "அண்ணே, பார்ட் எதையும் மாத்த வேண்டாம். முதல்ல எங்க வோல்ட் தொலையுதுன்னு அளந்து எனக்குக் காட்டுங்க. அதுக்கு 600 ரூபாய் தனியா தர்றேன். பார்ட் மாத்துறோமா இல்லையான்னு அப்புறம் பேசலாம்." இதுக்கு ஒத்துக்கிற ஆள் உங்க ஊர்ல ஒருத்தராவது இருப்பார். ஒத்துக்காம "அதெல்லாம் அளக்க வேண்டாம் சார், பார்த்தாலே தெரியும்"னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க. கழற்றின பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கோங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த 17,500-ம் வீண்னு சொல்ல மாட்டேன். பழைய பேட்டரிக்கு நாலு வயசு, இன்னும் கொஞ்ச நாள்ல எப்படியும் போயிருக்கும். அதைக் கழிச்சா, தவிர்த்திருக்கக்கூடியது 12,900.

ஒயர் ஏன் கெட்டுப்போகுது?

மூணு காரணம் இயற்கை, ஒண்ணு மனுஷன்.

முதல்ல சூடு. ஒயர் மேல இருக்கிற பி.வி.சி உறை மென்மையா இருக்கிறதுக்கு அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பாங்க. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டில் வருஷக்கணக்கா வெந்தா அது ஆவியாகி வெளியேறும். உறை முறுக்கு மாதிரி ஆயிடும். வளைச்சா ஒடியும். இது ஏழை வண்டிக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. 1990களின் முதல் பாதியில் வந்த பல மெர்சிடிஸ் மாடல்களில் எஞ்சின் ஒயரிங்கின் உறை உதிர்ந்தது உலகம் முழுக்கத் தெரிஞ்ச கதை. பல பேர் மொத்த செட்டையும் மாத்த வேண்டி வந்தது.

ரெண்டாவது தண்ணி. ஒயரின் வெட்டுமுனையில் நுழையற ஈரம் இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுற மாதிரி ஏறும். அதனாலதான் லக்கில் பச்சை தெரிஞ்சா, உள்ளே இன்னும் அரை அடிக்குக் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கின கார்களை உலர்த்திக் கழுவி வித்தாங்க. 2023 மிக்ஜாம் புயலிலும் நிறைய வண்டி மூழ்கியது. வாங்கும்போது நல்லாத்தான் ஓடும், சில மாசம் கழிச்சு ஒவ்வொரு கப்ளரா பச்சை பூக்கும். யூஸ்டு கார் பார்க்கப் போனா முன் சீட்டுக்குக் கீழே இருக்கிற கப்ளர் ஒண்ணைக் கழற்றிப் பாருங்க. பச்சையோ வண்டலோ இருந்தா, டீலர் எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

மூணாவது அசைவு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அதுக்குள்ள ஒயர் அறுந்துடும். பவர் விண்டோ வேலை செய்யலைன்னா மோட்டார் மாத்துறதுக்கு முன்னாடி அந்த ரப்பரை விலக்கிப் பாருங்க. எலிக்கு நான் தனியா ஒண்ணும் சொல்லப் போறதில்லை, நம்ம எல்லாருக்கும் அனுபவம் இருக்கு.

மனுஷன் செய்யறதுதான் பெரிசு. ரிவர்ஸ் ஹாரன், ஃபாக் லேம்ப், சென்ட்ரல் லாக், ஆம்ப்ளிஃபையர்னு ஒவ்வொண்ணுக்கும் ஏற்கெனவே இருக்கிற ஒயரைச் சீவி, முறுக்கி, மேல டேப் சுத்திடுவாங்க. ரெண்டு கோடைக்கு அந்த டேப்பின் பசை இளகி வழிஞ்சு அவிழ்ந்துடும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா 10 ஆம்ப் சிவப்பை எடுத்துட்டு 20 ஆம்ப் மஞ்சள் போடுவாங்க. ஃபியூஸ் இருக்கிறது ரேடியோவைக் காப்பாத்த இல்லை, ரேடியோவுக்குப் போற ஒயரைக் காப்பாத்த. பெரிய ஃபியூஸ் போட்டா, இனிமே ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் எரியும்னு அர்த்தம்.

ஹெட்லைட்டில் ஒரு கணக்கு

எர்த் சரியானதோட நான் கிளம்பியிருக்கலாம். ஆனா விடியக்காலை 5 மணிக்கு அறுபத்து மூணு வயசு மனுஷன் ஹைவேயில் ஓட்டுற வண்டி. ஹெட்லைட்டையும் பார்த்தேன்.

எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் 13.9 வோல்ட். பல்ப் கப்ளரில் 12.1. நடுவே 1.8 வோல்ட் காணோம். பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையற அளவுக்கு மட்டும் குறையாது, அதைவிட வேகமாக் குறையும். 10 சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போயிடும். இங்கே 13 சதவீதம், அப்போ மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிச்சம் போயாச்சு. "வயசாச்சு, கண்ணு தெரியலைடா"ன்னு சித்தப்பா சொல்லிக்கிட்டு இருந்தார்.

தொலைஞ்ச அந்த வோல்ட் எங்கேயோ சூடாத்தான் மாறணும். லோ பீம் 55 வாட் ரெண்டு பல்புக்கு 9 ஆம்ப் ஓடுது. கப்ளர் ஒண்ணில் மட்டும் 1 வோல்ட் தொலைஞ்சிருந்தது. 9 ஆம்ப் பெருக்கல் 1 வோல்ட், 9 வாட். ஈயத்தை உருக்குற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள்ள 9 வாட்னா எப்படி இருக்கும்? கப்ளர் பழுப்பாகி ஒரு மூலை உருகியே இருந்தது. இந்த மாதிரி வண்டியில போய் 100 வாட் பல்ப் போடுறவங்களை நினைச்சா பயமா இருக்கு.

பல பழைய கார்களில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாத்தான் போய் வரும். வழி: பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், ரெண்டு ரிலே, புது கப்ளர். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். ரெடிமேட் ரிலே செட் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டியதும் பல்பில் 13.6. அன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பா காம்பவுண்டு சுவரில் லைட் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார்.

ஒயரை எப்படி ஒட்டணும்

மிச்ச வேலைக்கு, அளந்து காட்ட ஒத்துக்கிட்ட ஒரு எலக்ட்ரீஷியனை வெச்சு, நானும் கூட நின்னு ஒன்றரை நாள் பார்த்தோம். நீங்க கூட நின்னு கவனிக்க வேண்டியது இதெல்லாம்.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றணும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறிதான்.

கெட்ட ஒயரை வெட்டிக்கிட்டே போகணும், செம்பு பளபளன்னு தெரியற வரைக்கும். கறுத்த செம்பில் எந்த ஜாயிண்ட்டும் நிக்காது. இங்கே கஞ்சத்தனம் பண்ணினா ஆறு மாசத்துல திரும்ப வரணும். புதுசா சேர்க்கிற துண்டு அதே தடிமனோ அதைவிடத் தடிமனோ இருக்கணும், முடிஞ்சா அதே கலர். மெல்லிய இழைகள் நிறைய இருக்கிற ஆட்டோ ஒயராத்தான் இருக்கணும். வீட்டுக்கு வயரிங் பண்ணின மிச்சம் கிடக்குதேன்னு எடுத்துட்டு வராதீங்க. வண்டி அதிர்வுக்கும் எண்ணெய்க்கும் எஞ்சின் சூட்டுக்கும் அது ஆனது இல்லை.

ஜாயிண்ட் போட கிரிம்ப்தான் என் ஓட்டு. சால்டர் பண்ணினா கரண்ட் நல்லாப் போகும், ஆனா ஈயம் ஏறின இடம் கம்பி மாதிரி விறைச்சுடும். விறைப்பு முடியற எல்லையில், அதிர்ந்து அதிர்ந்து இழை ஒவ்வொண்ணா அறும். சால்டர் பண்ணித்தான் ஆகணும்னா அந்த இடம் ஆடாதபடி கட்டணும். எதுவா இருந்தாலும் மேல உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டும்போது ரெண்டு ஓரத்திலும் பசை துளி எட்டிப் பார்க்கும், அப்போதான் தண்ணி புகாது. ஒரே கட்டுல நாலு ஒயர் ஒட்டினா நாலு ஜாயிண்ட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போடணும். இல்லைன்னா பாம்பு எலி முழுங்கின மாதிரி புடைச்சுக்கிட்டு, திரும்ப உள்ளே போகாது.

எர்த் போல்ட் எல்லாத்தையும் கழற்றி, கீழே பெயிண்டைத் தேய்ச்சு வெறும் இரும்பு தெரியணும். இறுக்கின பிறகு மேல வாசலின் தடவணும். டெஸ்ட் லாம்ப் ஊசியை ஒயர் உறையில் குத்திப் பார்க்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்க, அந்தத் துளை வழியாத்தான் அடுத்த மழை உள்ளே போகும். ஏர்பேக் இருக்கிற வண்டியில் மஞ்சள் உறை போட்ட ஒயரை யாரும் தொட வேண்டாம், அதுக்குத் தெரிஞ்ச சர்வீஸ் சென்டர்தான்.

இந்த வேலைக்கு ஆனது, எஞ்சின் மேல முறுக்கு மாதிரி ஆன ஒரு கிளை முழுக்க மாத்தினதும் சேர்த்து, 4,200. கேபிள் 450, ரிலே 900. ஆக இந்த ரெண்டாம் சுற்று 5,550.

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?

"வண்டி வித்தா 70,000 தான் போகும், அதுக்கு ஒயரிங்குக்கே 25,000 போடலாமா?" இது எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆனா கேள்வியே சரியில்லை. நீங்க விக்கப் போறது இல்லையே. ஒப்பிட வேண்டியது வண்டியோட விலையோட இல்லை, வண்டி இல்லைன்னா ஆகிற செலவோட.

சித்தப்பா கணக்கு: 5 லட்சம் லோன், 9.5 சதவீதம், 5 வருஷம்னா இ.எம்.ஐ 10,500 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 1.3 லட்சம். டவுன் பேமெண்டுக்கு எஃப்.டி-யைப் பாதியில் உடைச்சா பெரும்பாலான பேங்க் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிக்கும். அது பெரிசு இல்லை. வீட்டில் டயாலிசிஸ் பேஷண்டை வெச்சுக்கிட்டு அவசரப் பணம் பூஜ்யம்னு நிக்கிறதுதான் பெரிசு. மறுபக்கம், மொத்த ஒயரிங் செட்டையே 25,000-க்கு மாத்தி மூணு வருஷம் ஓட்டினாக்கூட மாசம் 700 ரூபாய்தான் ஆகுது.

ஆனா இதையே சாக்கா வெச்சு கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டவும் கூடாது. ஒரு இடத்தில், ஒரு காரணத்தால் கெட்டிருந்தா ஒட்டுங்க. ஒரே கிளையில் ரெண்டு மூணு இடம்னா அந்தக் கிளையை மாத்துங்க. ஒரு வருஷத்துக்குள்ள வேற வேற மூலையில் மூணு தடவை வந்துட்டா, உறை எல்லாமே ஆயுள் முடிஞ்சதுன்னு அர்த்தம், ஒட்டு போடுறதை நிறுத்துங்க. அப்போ மொத்த செட்டா, வண்டியையே கொடுத்துடறதான்னு முடிவு எடுக்கணும். முடிவு ஒயரில் இல்லை, கீழே இருக்கு: சேசிஸிலும் தரையிலும் துரு அரிச்சிருந்தா, எஞ்சின் புகை விட்டா, கொடுத்துடுங்க. பாடியும் எஞ்சினும் கெட்டியா இருந்தா செட் மாத்தலாம்.

செட்டை சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழசா வாங்கலாமான்னு கேட்பீங்க. கப்ளர், ஃபியூஸ் பாக்ஸ் மூடி, சுவிட்ச் இதெல்லாம் அங்கே வாங்கலாம், நானும் வாங்கியிருக்கேன். ஒயரிங் செட் மட்டும் வேண்டாம். அதே வருஷத்து வண்டியிலிருந்து எடுத்தது, அதே வெயிலில் வெந்தது.

இன்சூரன்ஸ் இதுக்கு வருமா?

ஒயர் தேய்ஞ்சு வண்டி நின்னா வராது. தேய்மானமும் எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் சாதாரண மோட்டார் பாலிசியின் விலக்குகளில் இருக்கு. அதே ஒயர் ஷார்ட் ஆகி வண்டி தீப்பிடிச்சா, தீயும் தானாகப் பற்றிக்கொள்வதும் ஓன் டேமேஜ் பிரிவில் கவர் ஆகும். ஆனா அது இருந்தாத்தானே? பழைய வண்டிக்கு நிறைய பேர் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுட்டு வர்றாங்க. அதில் உங்க வண்டி எரிஞ்சா ஒத்தைப் பைசா கிடைக்காது. சித்தப்பாவும் அப்படித்தான் போட்டிருந்தார்.

ஓன் டேமேஜ் இருந்தாலும் தேய்மானக் கழிவு உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம். 10 வருஷம் தாண்டின வண்டிக்கு மெட்டல் பாகங்களுக்கும் 50 சதவீதம். ஐ.டி.வி-யும் 5 வருஷத்துக்கு மேல உங்களுக்கும் கம்பெனிக்கும் பேசி முடிவு பண்றதுதான், குறைவா போட்டு பிரீமியம் மிச்சம் பிடிச்சா கிளெய்ம்ல அடிபடும். தேர்ட் பார்ட்டியோட தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருவீங்களான்னு புதுப்பிக்கும்போது கேளுங்க. ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபையர் மாதிரி எக்ஸ்ட்ரா எலக்ட்ரிக்கல் ஐட்டம் வெச்சிருந்தா பாலிசியில் சொல்லிடுங்க. சர்வேயர் வரும்போது கண்ட இடத்தில் முறுக்கின ஒயர் தொங்கினா கேள்வி வரும், பதிலுக்கு உங்க கையில் பில் இருக்கணும். எலக்ட்ரீஷியன்கிட்ட துண்டுச் சீட்டா இருந்தாலும் தேதி போட்டு வாங்குங்க.

வண்டிக்குள்ள பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்தா ஓரங்கட்டி, இக்னிஷனை அணைச்சு, எல்லாரும் இறங்கிடுங்க. பானெட்டிலிருந்து புகை வந்தா அதை முழுசாத் தூக்காதீங்க, காத்து கிடைச்சதும் தீ எழும்பும். ஒரு கிலோ ஏ.பி.சி பவுடர் எக்ஸ்டிங்குஷர் டிரைவர் சீட் பக்கம் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

எஃப்.டி உடையலை. சித்தப்பா இப்போ அடுத்த வண்டிக்குன்னு மாசம் 5,000 ரூபாய் ஆர்.டி போடுறார், இ.எம்.ஐ-யா போயிருக்க வேண்டிய தொகையில் பாதிக்கும் கம்மி. அந்த மல்டிமீட்டரை நான் திருப்பிக் கேட்கலை, கிளவ் பாக்ஸ்லயே இருக்கு. போன தடவை போனப்போ பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கார்: எர்த் 0.1, பாசிட்டிவ் 0.3, லைட் 13.6. அதுக்குக் கீழே மூணு மாசம் கழிச்சு இன்னொரு வரி. எர்த் 0.1, பாசிட்டிவ் 0.4. "அந்த 0.1 எங்க போச்சுன்னு பார்க்கணும், நீ இருக்கும்போதே பார்த்துடலாமா?"ன்னு ஸ்பேனரை எடுத்துட்டு வந்துட்டார்.